'செகண்ட் ரேட்' கப்பலில் 98 பீரங்கி... தெரியுமா?

"சுத்த தேர்ட் ரேட் படம் சார்!" தியேட்டர் வாசலில் இப்படி ஒரு குரலை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அந்த 'தேர்ட் ரேட்'டின் பூர்வீகம் தெரியுமா? பழைய பிரிட்டிஷ் கடற்படை! டிரஃபால்கர் கடற்போரில், 1805 அக்டோபர் 21 அன்று நெல்சன் தலைமையில் 27 பெரிய போர்க்கப்பல்கள் நெப்போலியனின் கூட்டுக் கடற்படையைத் துவம்சம் செய்தனவே, அந்த 27-ல் 20 கப்பல்கள் அதிகாரப்பூர்வமாகவே 'தேர்ட் ரேட்'!

பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களைப் பீரங்கிக் கணக்கை வைத்து ஆறு தரமாகப் பிரித்திருந்தது. 100 பீரங்கியோ அதற்கு மேலோ இருந்தால் ஃபர்ஸ்ட் ரேட். நெல்சன் ஏறி நின்ற 'விக்டரி' அந்த வகை. 90 முதல் 98 வரை இருந்தால் செகண்ட் ரேட். 64 முதல் 80 வரை இருந்தால் தேர்ட் ரேட். கடற்படைக்கு முதுகெலும்பே இந்த மூன்றாம் தரம்தான், அதிலும் குறிப்பாக 74 பீரங்கி தாங்கிய கப்பல்கள். முதல் தரக் கப்பலைக் கட்டச் செலவு அதிகம், அசைவதோ ஆமை வேகம். எழுபத்து நாலு பீரங்கிக்காரன் விலையும் குறைவு, வேகமும் உண்டு.

செகண்ட் ரேட் கப்பலின் மரியாதை இன்னும் ஒரு படி மேல். டிரஃபால்கரில் விக்டரிக்குப் பின்னாலேயே பாய்ந்து வந்து அதைக் காப்பாற்றியது 'டெமரேர்' என்ற 98 பீரங்கிக் கப்பல். ஓய்வு பெற்ற அந்தக் கப்பலை உடைப்பதற்காக இழுத்துக்கொண்டு போகும் காட்சியை ஓவியர் டர்னர் தீட்டி, 1839-ல் காட்சிக்கு வைத்தார். 2020-லிருந்து இங்கிலாந்தின் 20 பவுண்டு நோட்டில் டர்னர் முகத்துக்குப் பின்னால் நிற்பது அதே கப்பல்தான். ஒரு 'செகண்ட் ரேட்'டுக்குக் கிடைத்த கௌரவத்தைப் பாருங்கள்!

ஆங்கிலத்தில் ஒரு கூட்டத்தின் கெட்டிக்காரர்களையும் நம்பிக்கைக்கு உரியவர்களையும் குறிக்க அன்றாடம் புழங்கும் சொற்களின் பிறப்பைத் தோண்டினால் இப்படித்தான் பூதம் பூதமாகக் கிளம்புகிறது. அதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. திறமைசாலிக்குச் சூட்டிய பெயர் எங்கோ தாழ்வான இடத்தில் பிறந்து உச்சாணிக் கொம்புக்கு ஏறுகிறது. நம்பிக்கைக்குரியவனுக்குச் சூட்டிய பெயரோ அரண்மனையில் பிறந்து சாக்கடையில் முடிகிறது. ஏன் இப்படி? கொஞ்சம் பொறுங்கள்.

கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று. மளிகைக் கடையில் "ஏ ஒன் சரக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்கிறாரே அண்ணாச்சி, அந்த ஏ ஒன்? லண்டனில் எட்வர்டு லாய்டு என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் வியாபாரிகள் கூடுவார்கள். ஓட்டைக் கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டுப் பிறகு தலையில் கை வைத்து உட்காரக் கூடாது அல்லவா? எனவே 1760-ல் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களைப் பரிசோதித்து மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள். கப்பலின் உடம்புக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று ஆங்கில உயிரெழுத்துகள். நங்கூரம், கயிறு, பாய்மரச் சாமான்களுக்கு முதலில் வேறு எழுத்துகள், பிறகு எண்கள். உடம்பும் உசத்தி, சாமானும் உசத்தி என்றால் ஏ1. டிக்கன்ஸ் தன் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் அதை மனிதருக்குச் சூட்டும் அளவுக்கு 1830-களிலேயே அது தெருவுக்கு வந்துவிட்டது. நம் நீதிமன்றச் செய்திகளில் மட்டும் கதையே வேறு. அங்கே 'ஏ1' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர்! சந்தானம் நடித்த 'ஏ1' படத்தின் தலைப்பில் இருப்பதும் அந்தக் குற்றவாளிக் கூண்டு ஏ1-தான்.

சரி, 'ஏஸ்'? டென்னிஸில் எதிராளி தொடக்கூட முடியாத சர்வீஸ் ஏஸ். வகுப்பில் பிளந்து கட்டும் மாணவன் ஏஸ். அதன் மூலம் 'ஆஸ்' என்ற ரோமானியக் காசு, அதுவும் சல்லிக் காசு! பகடையில் ஒன்று விழுந்தால் அதற்கும் அதே பெயர். இரண்டு பகடையிலும் ஒன்று விழுவது துரதிர்ஷ்டத்தின் உச்சம். பிறகு சீட்டுக்கட்டு வந்தது. ஒற்றைப் புள்ளிச் சீட்டு மெல்ல மெல்ல ராஜாவையே வெட்டும் சீட்டாக உயர்ந்தது. (304 ஆடுகிறவர்கள் இங்கே சிரிப்பார்கள். அவர்களுக்கு ஜாக்கிக்கு 30 புள்ளி, ஏஸுக்கு வெறும் 11!) முதல் உலகப் போர் மூண்டதும் ஏஸ் ஆகாயத்துக்கே ஏறியது. அடோல்ஃப் பெகூ என்ற பிரெஞ்சு விமானி 1915-ல் எதிரி விமானங்களை அடுத்தடுத்து வீழ்த்த, பத்திரிகைகள் அவரை 'ஆஸ்' என்று கொண்டாடின. ஐந்து விமானங்களை வீழ்த்தினால் ஏஸ் என்ற கணக்கும் அந்தப் போரில்தான் நிலைத்தது. ஜெர்மனியின் சிவப்பு விமானக்காரர் ரிக்தோஃபன் 80 விமானங்களோடு பட்டியலின் தலையில் நிற்கிறார்.

அந்தப் பட்டியலில் ஒரு இந்தியரும் உண்டு, தெரியுமா? கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய். வயது 19. 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 விமானங்கள் அவர் கணக்கில் ஏறின. மூன்றாவது வாரத்தில் அவரே சுட்டு வீழ்த்தப்பட்டார். மீசை அரும்பும் வயதில் மறைந்த அந்தப் பையன்தான் இந்தியாவின் முதல் விமான ஏஸ். நம் பாடப் புத்தகங்கள் அவரை எப்படித்தான் தவறவிட்டனவோ!

'ஏ டீம்' என்கிறார்களே, அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் அது சரியாக 12 பேர் கொண்ட குழு. அதன் அமைப்பைக் கேளுங்கள். ஆயுத நிபுணர் இருவர், வெடிமருந்தும் கட்டுமானமும் தெரிந்தவர் இருவர், மருத்துவம் பார்ப்பவர் இருவர், தகவல் தொடர்புக்கு இருவர். எல்லாமே ஏன் இரண்டு இரண்டு? நடுக்காட்டில் குழுவை இரண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு பாதியும் முழுக் குழுவாக நிற்க வேண்டுமாம்! அதே பெயரில் 1983-லிருந்து 1987 வரை ஓடிய டி.வி. தொடர் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. தமிழ்நாட்டு அரசியலில் யாரும் யாரையும் 'ஏ டீம்' என்று பாராட்டியதாக நினைவில்லை. தேர்தல் வந்தால் 'பி டீம்' மட்டும் மேடைக்கு மேடை பறக்கும்.

'ஸ்கங்க் ஒர்க்ஸ்' என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? பெரிய கம்பெனிகளில் சட்டதிட்டம் எதற்கும் கட்டுப்படாமல் ரகசியமாக வேலை பார்க்கும் பொறுக்கியெடுத்த சிறு குழுவுக்கு அந்தப் பெயர். 1943-ல் லாக்ஹீட் விமான நிறுவனம் கலிபோர்னியாவில் கெல்லி ஜான்சன் தலைமையில் இப்படி ஒரு குழுவை அமர்த்தியது. வேலை நடந்ததோ கூடாரத்தில். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் நாற்றம் மூக்கைத் துளைக்கும்! அப்போது பிரபலமாக இருந்த ஒரு சித்திரக் கதையில், செத்த ஸ்கங்க்கையும் பழைய செருப்பையும் போட்டுக் காய்ச்சும் ஒரு பயங்கரப் பட்டறை வரும். ஆபத்து என்றால் பின்பக்கத்தால் துர்நாற்றத்தைப் பீய்ச்சும் பிராணிதான் ஸ்கங்க். குறும்புக்கார என்ஜினீயர் ஒருவர் போனை எடுத்து அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்ல, அதுவே ஒட்டிக்கொண்டது. அந்த நாற்றத்தில் உட்கார்ந்து 143 நாளில் அவர்கள் ஒரு ஜெட் போர் விமானத்தையே உருட்டித் தள்ளினார்கள். உலகின் அதிவேக உளவு விமானமான எஸ்.ஆர்.-71 பிறந்ததும் அதே குழுவில்தான். இன்று 'ஸ்கங்க் ஒர்க்ஸ்' லாக்ஹீட்டின் பதிவு பெற்ற வணிக முத்திரை. நாற்றத்துக்கு வணிக முத்திரை வாங்கிய கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்!

'ட்ரீம் டீம்' கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்டு எல்லாரும் ஒரே அமெரிக்கக் கூடைப்பந்து அணியில். எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. பயிற்சியாளர் சக் டேலி ஒரே ஒரு தடவைகூட 'டைம் அவுட்' கேட்கவில்லை. கேட்டு என்ன சொல்வது அவர்களிடம்?

இதெல்லாம் திறமைக்கான பெயர்கள். இனி நம்பிக்கைக்கான பெயர்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், குதிரை லாயத்துக்குள் நுழைகிறோம்.

மார்ஷல் என்றால் என்ன? ராணுவத்தின் சிகரப் பதவி. ஆனால் பழைய ஜெர்மானிய மொழியில் அதன் பொருள் 'குதிரை வேலைக்காரன்'! மன்னனின் குதிரையைத் தொட அனுமதி பெற்றவன் மன்னனின் உயிரையே கையில் வைத்திருக்கிறான் அல்லவா? சேணத்து வாரை லேசாக அறுத்துவிட்டால் போதுமே! அதனால் மிக நம்பகமானவனுக்கே அந்த வேலை. அவன் குதிரைப் படைக்குத் தலைவனாகி, பிறகு படைக்கே தலைவனானான். குன்னூரில் கடைசிக் காலத்தைக் கழித்து, 2008-ல் மறைந்து, ஊட்டி பார்சி கல்லறையில் துயிலும் ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் பட்டத்துக்குள்ளும் அந்தக் குதிரைக்காரன் நிற்கிறான். சட்டமன்றத்தில் ரகளை செய்யும் உறுப்பினர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடும் அவைக் காவலர்களுக்கும் பெயர் மார்ஷல்தான்.

கான்ஸ்டபிள்? 'லாயத்தின் பிரபு' என்ற லத்தீன் பட்டத்தின் சிதைவு! இடைக்கால பிரான்சில் கான்ஸ்டபிள் என்றால் மன்னருக்கு அடுத்தபடி மொத்தப் படைக்கும் தலைவர். அந்தப் பதவிக்கு அவ்வளவு அதிகாரம் ஆகாது என்று 1627-ல் ஒழித்தே விட்டார்கள். அதே பட்டத்தை இன்று நம்மூர் ஸ்டேஷனில் பாரா நிற்கும் ஏட்டையாவுக்கும் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். கான்ஸ்டபிள் பேருந்தில் நின்றுகொண்டு வந்தால் எழுந்து இடம் கொடுங்கள், ஒரு காலத்துச் சேனாதிபதி!

'ஹெஞ்ச்மேன்' கதை இன்னும் பரிதாபம். அதுவும் 'ஆண் குதிரை' என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் பிறந்தது என்றே அகராதிகள் சொல்கின்றன. ஊர்வலத்தில் இளவரசனின் குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வரும் உயர்குலத்துப் பிள்ளை அவன். இன்று? வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்று, கதாநாயகனிடம் முதல் அடி வாங்கும் அடியாள்!

லாயத்தைவிட நெருக்கமான இடம் ஒன்று அரண்மனையில் உண்டு. கழிவறை! எட்டாம் ஹென்றி மன்னரின் அரண்மனையில் அவருக்கு அந்த நேரத்தில் துணை நிற்பதற்கென்றே ஒரு பிரபு நியமிக்கப்பட்டிருந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. போட்டி போட்டார்கள்! மன்னரோடு தனியாகப் பேச அதைவிட நல்ல நேரம் ஏது? மன்னரின் சொந்தப் பணப் பெட்டியும் அவர் கையில்தான். அந்தப் பதவியில் இருந்த ஹென்றி நாரிஸ், ராணி ஆன் போலினோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 1536-ல் தலை வெட்டப்பட்டார். அத்தனை நெருக்கத்துக்கும் அதுதான் முடிவு. அந்தரங்கத்தைக் குறிக்கும் 'பிரிவி' என்ற சொல் கழிவறைக்கும் பெயர், மன்னரின் அந்தரங்க ஆலோசனை சபைக்கும் பெயர். நம் சொத்து வழக்குகள் கடைசியாகக் கப்பலேறிப் போனது அந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான். 1949 வரை அதற்கு மேல் நமக்குக் கோர்ட்டே கிடையாது.

அடுத்தது சமையலறை. 'கிச்சன் கேபினெட்' என்றால் பதவியில்லாமலே தலைவர் காதைக் கடிக்கும் கூட்டம் என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். அந்தப் பெயரைப் பெற்றெடுத்த காலத்து வம்புக்கு மூலகாரணம் ஒரு கல்யாணம், தெரியுமா?

1829. அமெரிக்க ஜனாதிபதியாக ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியேற்றார். அவருடைய போர்த்துறை அமைச்சர் ஜான் ஈட்டன் அப்போதுதான் பெக்கி என்ற பெண்ணை மணந்திருந்தார். பெக்கி தங்கும் விடுதி நடத்தியவரின் மகள். முதல் கணவர் கடலில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே இருவருக்கும் தொடர்பு என்று வாஷிங்டன் முழுக்க வம்பு. துணை ஜனாதிபதி கால்ஹூனின் மனைவி தலைமையில் அமைச்சர்களின் மனைவிமார் பெக்கியை ஒதுக்கி வைத்தார்கள். அவர் வந்தால் இவர்கள் வரமாட்டார்கள், அவர் வணக்கம் சொன்னால் இவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜாக்சன் கொதித்தார். தன் மனைவி ரேச்சலையும் இப்படித்தான் அவதூறு பேசியே கொன்றார்கள் என்பது அவர் மனதில் ஆறாத புண். விருந்துக்குக்கூட ஒன்றாக உட்கார முடியாத அமைச்சரவையை வைத்துக்கொண்டு என்ன ஆட்சி நடத்துவது? கூட்டங்களை ஓரங்கட்டிவிட்டுப் பத்திரிகையாளர் சிலரையும் நண்பர்களையும் அழைத்து யோசனை கேட்க ஆரம்பித்தார். 1831-ல் அமைச்சரவை ஏறக்குறைய மொத்தமாகவே ராஜினாமா செய்தது! எதிரிகள் கேலி செய்தார்கள்: முன்வாசல் கேபினெட் போய்விட்டது, கொல்லைப்புறமாகச் சமையலறை கேபினெட் வந்துவிட்டது.

இந்தக் களேபரத்தில் லாபம் அடைந்தவர் வெளியுறவு அமைச்சர் மார்ட்டின் வான் பியூரன். மனைவியை இழந்தவர். ஆகவே பெக்கியைப் புறக்கணிக்க அவர் வீட்டில் ஆள் இல்லை! பெக்கியிடம் மரியாதையாக நடந்துகொண்டு ஜாக்சன் மனதில் இடம் பிடித்தார். 1837-ல் அவரே ஜனாதிபதி. சமையலறைக் கூட்டத்தில் ஒருவரான பத்திரிகை ஆசிரியர் பிளேர் வாங்கிய வீடுதான் இன்று வெள்ளை மாளிகை எதிரே வெளிநாட்டுத் தலைவர்கள் தங்கும் 'பிளேர் ஹவுஸ்'. கொல்லை வழியாக வந்தவர் வீட்டில்தான் இப்போது ராஜோபசாரம்!

அந்தச் சமையலறைப் பெயர் டெல்லிக்கும் வந்தது. 1960-களில் காமராஜர், நிஜலிங்கப்பா, எஸ்.கே. பாட்டீல், அதுல்ய கோஷ் ஆகியோரின் கூட்டுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'சிண்டிகேட்'. இந்திராவைச் சுற்றி இருந்தவர்களுக்கு 'கிச்சன் கேபினெட்'. 1969-ல் காங்கிரஸ் உடைந்தபோது எதிரெதிரே நின்றவை இந்த இரண்டு கடன் பெயர்களும்தான்.

மறுபடி அமெரிக்கா. ரூஸ்வெல்ட் 1932-ல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மோலி, டக்வெல், பெர்ல் மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பத்திரிகைகள் அவர்களை 'பிரைன் டிரஸ்ட்' என்றன. அந்தக் கால அமெரிக்கர் காதில் டிரஸ்ட் என்றால் தர்ம காரியம் இல்லை. போட்டியாளர்களை எல்லாம் விழுங்கித் தனியாட்டம் போடும் ஸ்டாண்டர்ட் ஆயில் மாதிரியான கம்பெனிக் கூட்டு! 'மூளைக்கு ஏகபோக வியாபாரிகள்' என்ற கிண்டல் உள்ளே ஒளிந்திருந்தது. அந்தக் கூட்டத்தின் தலையாய மோலியே பிறகு ரூஸ்வெல்ட்டை விட்டு விலகி, அவரைக் கடுமையாக விமரிசிக்கும் எழுத்தாளரானார்.

ஃபோர்டு கம்பெனி 1946-ல் விமானப் படையின் புள்ளிவிவரப் பிரிவிலிருந்து பத்து இளைஞர்களை ஒரே கொத்தாக வேலைக்கு எடுத்தது. வந்தவர்கள் தொழிற்சாலை முழுக்கச் சுற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். எரிச்சலான பழைய ஆட்கள், ரேடியோவில் வந்த சிறுவர் வினாடி வினா நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி 'குவிஸ் கிட்ஸ்' என்று நக்கலடித்தார்கள். அது மருவி 'விஸ் கிட்ஸ்' ஆனது. அவர்களில் ஒருவரான ராபர்ட் மெக்னமாரா 1960-ல் ஃபோர்டு தலைவராகி, சில வாரங்களிலேயே கென்னடியின் பாதுகாப்பு அமைச்சராக அழைக்கப்பட்டார். கென்னடியைச் சுற்றி அத்தனை மேதைகள் சேர்ந்தும் வியட்நாமில் புதைகுழிக்குள் எப்படிப் போனார்கள் என்று டேவிட் ஹால்பர்ஸ்டம் 1972-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு 'தி பெஸ்ட் அண்ட் தி பிரைட்டஸ்ட்'. அது குத்தல்! இன்றைய கல்லூரி விழாக்களில் அதே சொற்களைப் பாராட்டாக அள்ளி வீசுகிறார்கள்.

நம்பிக்கைப் பெயர்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று கேட்டீர்கள் அல்லவா? 'மினியன்' என்பது பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியின் செல்லப்பிள்ளைகளுக்கு வழங்கிய பெயர். இன்று அது எஜமானுக்குத் தலையாட்டும் மஞ்சள் பொம்மை. 'குரோனி' என்பது கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'நெடுநாள் தோழன்' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து எடுத்த செல்லப்பெயர். பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ஆட்சியின் கொள்ளைக்குப் பிறகு குரோனி என்றாலே சலுகையில் கொழுத்த முதலாளி. என் கணிப்பு இதுதான்: திறமையை வெளியே நிற்பவன் எண்ணிப் பார்க்க முடியும். 98 பீரங்கி, 10 விமானம், 143 நாள். நம்பிக்கையை எண்ண முடியாது. கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பவன்மேல் எப்போதும் சந்தேகம்தான், பெயர் வைப்பதும் அந்த வெளியே நிற்பவன்தான்.

கடைசியாக, 'கோட்'. எல்லாக் காலத்திலும் மகத்தானவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். முகமது அலியின் மனைவி லோனி 1992-ல் அந்த எழுத்துகளில் ஒரு கம்பெனி தொடங்கினார். 2024-ல் விஜய் படத்துக்கே அது தலைப்பானது. ஆனால் அதற்கு முன்பு அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் 'கோட்' என்றால் நிஜமான ஆடு, பலியாடு! 1986 பேஸ்பால் உலகத் தொடரில் பாஸ்டன் ஆட்டக்காரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே ஒரு பந்து உருண்டு போனது. பாஸ்டன் அணி தோற்றது. அவர் ஆண்டுக்கணக்கில் அந்தப் பெயரைச் சுமந்தார். எனவே பழைய அமெரிக்கப் பத்திரிகையில் ஓர் ஆட்டக்காரரை 'கோட்' என்று போட்டிருந்தால் அவசரப்பட்டு விசில் அடித்துவிடாதீர்கள். அன்றைய தோல்விக்கு அவர்தான் காரணம் என்று பொருள்!